கடலில் கிடந்த சிலுவை

மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை ஒன்றில், ஒக்லண்ட் நகரின் எப்சத்தில் ரதிதேவியின் வீட்டு வாசலில் சோதிலிங்கம் தன் பழைய டொயோட்டாவை நிறுத்தினான். ரதிதேவியிடம் உதவி கேட்க வந்து, பக்கத்தில் இருந்த நிக்கலஸ் இறங்க மனமில்லாமல் இருந்தார். சோதிலிங்கத்துக்கோ கால் தரையில் பாவவில்லை. பென்ரோஸில் ஒரு பண்டகசாலையில் கணக்காளராக இருந்துகொண்டு, வாரம் முழுவதும் பெட்டிகளோடும் சிட்டைகளோடும் மல்லுக்கட்டுகிற மனிதனுக்கு, ஒரு மர்மம் தானாகவே வந்து காரில் ஏறுவது அடிக்கடி நடக்கிற காரியமா?

ரதிதேவி உண்மையில் துப்பறிவாளர் அல்ல. காப்புறுதி நிறுவனம் ஒன்றுக்காக எரிந்த வீடுகளையும் நனைந்த கம்பளங்களையும் போய்ப் பார்த்து, சொல்லப்படும் கதையும் கிடக்கும் சாம்பலும் ஒத்துப்போகின்றனவா என்று மதிப்பிடுவதுதான் அவர் தொழில். ஐம்பதைத் தாண்டியவர், குரலை உயர்த்திப் பேசி எவரும் கேட்டதில்லை. ஆனாலும் ஒக்லண்டில் அந்தக் காலத்தில் இருந்த கொஞ்சத் தமிழ்க் குடும்பங்கள், எது காணாமற்போனாலும் எது பிடிபடாமற்போனாலும் அவரிடந்தான் வந்தன. வந்தவர்களைக் கூட்டிவரும் வேலையைச் சோதிலிங்கம் தானாகவே எடுத்துக்கொண்டிருந்தான்.

"வாங்கோ தம்பி, இருங்கோ. தேத்தண்ணி போடுறன். சோதி, நீர் அந்தக் கொப்பியை இப்பவே எடுக்கவேண்டாம். மனிசன் முதல் மூச்சு விடட்டும்."

சோதிலிங்கம் கொப்பியை ஏற்கெனவே எடுத்துவிட்டான். புதுப் பக்கத்தின் உச்சியில், எழுத்தை விடப் பெரிதாக ஒரு பிள்ளையார் சுழியும் போட்டுவிட்டான். அவன் கடைக்குப் போகும் துண்டிலும் அது இருக்கும். வரித் திணைக்களத்துக்கு அனுப்பும் படிவத்தில்கூட ஒருமுறை போட, அது என்ன இலக்கம் என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

நிக்கலஸ் தேநீரைத் தொடவில்லை.

"அக்கா, என்ரை அப்பா சூசைப்பிள்ளை. மன்னார் ஆள். ரெண்டாம் உலகச் சண்டைக்கு முதல் போர்னியோப் பக்கம் ஒரு தீவிலை, எண்ணெய்க் கொம்பனியிலை படவரைஞரா இருந்தவர். கிணறு, குழாய், தாங்கி எல்லாத்துக்கும் படம் கீறுறது அவற்றை வேலை. யப்பான்காரன் வர முந்தியே அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்திட்டா. அப்பா வரேல்லை. அங்கையே செத்துப்போனார் எண்டுதான் தெரியும்."

"இப்ப என்ன நடந்தது?"

"எங்கடை பிளாக்ஹவுஸ் பேயிலை, கடையளுக்குப் பின்னாலை ஒரு பழைய படைவீரர் சங்க மண்டபம் இருக்கு. சண்டை முடிஞ்சு நாப்பது வருசமெண்டு கண்காட்சி வைக்கினம். நான் வேலை செய்யிற ஸ்டோரிலையிருந்து பலகையள் இரவல் குடுத்தது. நான்தான் கொண்டுபோய் இறக்கினனான். அங்கை ஒரு படம் மாட்டியிருக்கு. கீழை எழுதியிருக்கினம். எதிரியிட்டை வேலை செய்த சூசைப்பிள்ளை எண்டவன் அனுப்பின பொய்ப் படம். இதை நம்பி இறங்கின எங்கடை பெடியள் செத்தாங்கள், எண்டு."

நிக்கலஸ் தேநீர்க் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"வியாழக்கிழமை திறக்கினம். வெள்ளிக்கிழமை என்ரை மகளின்ரை வகுப்பு அதைப் பாக்கப் போகுது. இஞ்சை வந்தவுடனை அப்பான்ரை பேரைத்தானே எங்கள் எல்லாருக்கும் குடும்பப் பேரா எழுதினவங்கள். பள்ளிக்கூடத்திலை அவள் பிலோமினா சூசைப்பிள்ளை. இந்த ஊர் டெலிபோன் புத்தகத்திலை வேறை சூசைப்பிள்ளை இல்லை அக்கா. அண்டைக்குத் தனக்கு வயித்துக்குத்து வரும் எண்டு இப்பவே இங்கிலிசிலை சொல்லுறாள்."

"உங்களுக்கு என்ன வேணும் தம்பி? அந்தப் பலகையைக் கழட்டவேணுமா?"

நிக்கலஸ் தலையை ஆட்டினார். "உண்மை வேணும். அவர் அப்பிடிச் செய்திருந்தால் செய்தவர்தான். தெரிஞ்சாப் போதும்."

அந்தப் பதில் ரதிதேவிக்குப் பிடித்துப்போயிற்று என்பதைச் சோதிலிங்கம் கண்டான். மண்டபத்தின் விலாசத்தை எழுதித் தரும்படி அவர் ஒரு துண்டை நீட்டினார். நிக்கலஸ் தாளின் உச்சியில் சின்னதாக இரண்டு கோடு கீறி, பேனா எழுதுகிறதென்று கண்டவர்போல, கீழே விலாசத்தைத் தெளிவாக எழுதிக்கொடுத்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தைத் திறந்துவிட்டவர் அலன் டொப்சன் என்ற முதியவர். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்காரர், ஒக்லண்டில் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டவர். கண்காட்சி முழுவதும் அவருடைய கைவண்ணம். 1945இல் தராக்கன், லாபுவான், பாலிக்பாப்பான் என்று ஆஸ்திரேலியப் படைகள் கடல்வழியாக இறங்கி எண்ணெய் வயல்களைப் பிடித்த கதையைப் படங்களாலும் அம்புக்குறிகளாலும் சுவர் முழுக்கச் சொல்லியிருந்தார். கடைசிச் சுவர் மட்டும் பெரிய வரலாறுகளில் வராத ஒரு சிறிய தீவுக்கு. அங்கே இறங்கியவர்களில் அவரும் ஒருவர்.

நிக்கலஸ் யாருடைய மகன் என்று ரதிதேவி நேரடியாகவே சொன்னார். டொப்சனின் முகம் இறுகியது. ஆனாலும் கதவைச் சாத்தவில்லை.

"உங்களோடு எனக்குக் கோபமில்லை," என்றார் நிக்கலஸைப் பார்த்து. "ஆனால் அந்தப் பலகையில் இருக்கிற ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன். என் நண்பன் லெஸ் அங்கே கிடக்கிறான்."

"மாற்றச் சொல்லவில்லை. பார்க்கத்தான் வந்தோம்," என்றார் ரதிதேவி.

கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது, படம் பிரதி எடுக்கும் மெல்லிய சீலைத் துண்டு. கறுப்பு மையில் ஒரு தீவு, பலாக்கொட்டை மாதிரி, மேலும் கீழும் ஒரே அளவாக ஒடுங்கியிருந்தது. இரண்டு பக்கமும் கடல் உள்ளே நுழைகிற ஒவ்வொரு கழி. இடப்பக்கக் கழிக்குள் கடலிலிருந்து ஒரு புள்ளிக்கோடு போயிற்று. அதன் பக்கத்தில் எண்ணெய்த் தாங்கிகளுக்கு வட்டங்கள். வலப்பக்கக் கழியோரம் பீரங்கிகளுக்குச் சின்னச் சின்ன முக்கோணங்கள். கீழ் முனையில் குழாய்கள் சேரும் ஒரு சதுரம். அதற்கும் கீழே, கடலில், ஒரு சின்னச் சிலுவைக்குறி. ஓர் எழுத்துக்கூடக் கிடையாது. மேல் விளிம்பில் மட்டும் மங்கிய பென்சிலால் வடக்கைக் காட்டும் அம்பு.

சோதிலிங்கம் சட்டத்தின் கண்ணாடியில் மூக்கு முட்ட நின்று எல்லாவற்றையும் குறித்தான். வட்டங்களின் கோடு ஒரே தடிப்பாக இல்லை, இடப்பக்க மேல்பாகத்தில் தடித்திருக்கிறது என்பதைக்கூட விடவில்லை. கை நடுங்கியிருக்கவேண்டும் என்று தன் கருத்தையும் பக்கத்தில் எழுதினான்.

"அந்தப் பென்சில்?" என்று கேட்டார் ரதிதேவி.

"எங்கள் கப்டன் போட்டது. சூசைப்பிள்ளை அனுப்பியது என்று சொல்லி ஒரு மீனவன் மூங்கிலுக்குள் சுருட்டிக் கொண்டுவந்து தந்தான். இறங்குவதற்கு முதல் நாள். எங்களிடம் இருந்தது ஒரு பழைய கடல் வரைபடம் மட்டும். தீவின் உள்ளே ஒன்றும் இல்லை. தெற்கு முனைக்கு வெளியே ஒரு மூழ்கிய கப்பல் என்று அதில் சிலுவைக்குறி இருந்தது. இந்தச் சீலையிலும் அதே குறி. அதைக் கொண்டுதான் எந்த முனை தெற்கு என்று கப்டன் பிடித்தார். கெட்டிக்காரர். இறங்கிய அன்று காலையிலேயே செத்துப்போனார்."

"பிறகு?"

"புள்ளிக்கோட்டைப் பிடித்து மேற்குக் கழிக்குள் போனோம். தண்ணீருக்குள் கூர்க் கம்பங்கள். படகுகள் கிழிந்தன. தீவுக்குப் பின்னாலிருந்து சூரியன் எழும்பி எங்கள் கண்ணில் அடித்தது. பீரங்கிகள் கிழக்கில் என்று படம் சொன்னது. அவை எங்களுக்கு நேரே, நாங்கள் இறங்கிய மேற்குக் கரையிலேயே இருந்தன. தாங்கிகளுக்குப் பின்னால் பதுங்கலாம் என்று பார்த்தால் தாங்கிகளே இல்லை. பிறகு போய்ப் பார்த்தோம்; அவற்றின் எரிந்த அடித்தளங்கள் மற்றப் பக்கத்தில் கிடந்தன. குழாய்கள் சேரும் வீடுகூடத் தெற்கில் இல்லை, வடக்கில். அந்த ஆள் ஒன்றையாவது சரியாகக் கீறவில்லை."

"சூசைப்பிள்ளையைக் கண்டீர்களா?"

"இல்லை. நாங்கள் வருவதற்கு முதல் வாரமே யப்பானியர் சுட்டுவிட்டார்கள் என்று கூலிகள் சொன்னார்கள். அவரை அங்கே எங்கோ புதைத்திருக்கிறார்கள்."

"அவர்களுக்காகப் பொய் சொன்ன ஆளை அவர்களே ஏன் சுட்டார்கள்?"

டொப்சன் தோளைக் குலுக்கினார். "போரில் காரணம் கேட்கக்கூடாது."

நிக்கலஸ் வெளியே போய் மழையில் நின்றார். அந்த முதுகைப் பார்த்தபோது சோதிலிங்கத்துக்கு முதல்தடவையாக இந்த வழக்கே வந்திருக்கவேண்டாம் என்று தோன்றியது.

*

மாலையில் ரதிதேவியின் குசினியில் சோதிலிங்கம் வாடிப்போய் இருந்தான். அவர் மண்டரின் தோடம்பழம் ஒன்றை உரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் முதல் யோசிச்சது, அந்தக் கப்பலுக்குள்ளை ஏதோ கிடக்கு, அதுக்காக ஆரோ படத்தை மாத்தியிருக்கினம் எண்டு."

"நல்ல கதை. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பருக்கு அனுப்பும்."

"இப்ப அப்பிடி நினைக்கேல்லை. அந்தாள் உண்மையிலேயே பொய்ப் படம்தான் கீறியிருக்கு. எல்லாமே பிழை."

"அதுதான் எனக்குச் சரிவரேல்லை." அவர் ஒரு சுளையை அவனிடம் நீட்டினார். "வீட்டை எரிச்சுப்போட்டு வந்து கதை சொல்லுற ஆக்களை நான் எத்தினை பேரைப் பாத்திட்டன். பொய் சொல்லுறவன் தேவையான இடத்திலை மட்டும்தான் பொய் சொல்லுவான். மற்றதெல்லாம் சுத்த உண்மையா இருக்கும், அப்பத்தானே நம்புவினம். இந்த மனிசன் ஆக்களைப் பொறிக்குள்ளை விழுத்திறதெண்டால் புள்ளிக்கோட்டை மாத்தினாப் போதும். தாங்கியை ஏன் மாத்தவேணும்? குழாய் வீட்டை ஏன் மாத்தவேணும்?"

"கைநடுக்கம் எண்டு..."

"நடுங்கின கை ஒண்டைச் சரியாயும் ஒண்டைப் பிழையாயும் கீறும். கிழக்கிலை இருக்கவேண்டியது எல்லாம் மேற்கிலை, வடக்கிலை இருக்கவேண்டியது தெற்கிலை எண்டு ஒழுங்காப் பிழைக்காது." அவர் கையைத் துடைத்தார். "உம்மடை கொப்பியைத் தாரும். இல்லை, நீரே வாசியும். பக்கத்தின்ரை மேலையிருந்து."

"ஞாயிறு, மண்டபம், கண்ணாடிச் சட்டம்..."

"அதுக்கும் மேலை."

"அதுக்கும் மேலை ஒண்டுமில்லை. பிள்ளையார் சுழிதான்."

"அதை ஏன் மேலை போட்டனீர்?"

சோதிலிங்கம் சிரித்துவிட்டான். "வேறை எங்கை போடுறது? அதுதானே முதல்."

"ஓம். அதுதான் முதல்," என்று சொல்லிவிட்டு ரதிதேவி எழுந்துபோய், நிக்கலஸ் விலாசம் எழுதிய துண்டை எடுத்துவந்து மேசையில் வைத்தார். அதைத் தலைகீழாகத் திருப்பினார். பிறகு நேராக்கினார். சோதிலிங்கம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பேனா எழுதுகிறதா என்று பார்த்த கோடுகள் அல்ல அவை. நிலைக்குத்தாக ஒன்று, குறுக்காக ஒன்று, கீழ்க்கால் கொஞ்சம் நீண்டு.

அவன் வாய்க்குள் இருந்த சுளையை விழுங்க மறந்துபோனான்.

*

புதன்கிழமை பிற்பகல் மண்டபத்தில் ஐந்து பேர் கூடினார்கள். நிக்கலஸ் தன் தாய் பேர்ணடெட்டையும் கூட்டிவந்திருந்தார். கறுப்புக் கோட்டும் கையில் செபமாலையுமாக அந்த அம்மா சட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கதிரையில் இருந்தார்.

ரதிதேவி முதலில் அவரிடம் குனிந்தார். "அம்மா, ஒண்டு கேக்கிறன். அவர் ஏதாவது எழுதத் தொடங்கேக்கை முதல் என்ன செய்வார்?"

"சிலுவை போடுவார் பிள்ளை," என்றார் பேர்ணடெட், இதையும் கேட்பார்களா என்ற முகத்தோடு. "நாங்கள் எல்லாரும் அப்பிடித்தானே. சவர்க்காரம் வாங்கிற துண்டெண்டாலும் உச்சியிலை ஒரு சிலுவை போட்டிட்டுத்தான் எழுதுவார். கொம்பனிப் படங்களிலையும் போடுவார், வெள்ளைக்காரத் துரை ரப்பராலை அழிப்பாராம்."

ரதிதேவி அதை டொப்சனுக்கு ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு சுவரைக் காட்டினார்.

"மிஸ்டர் டொப்சன், உங்கள் கப்டன் மூழ்கிய கப்பல் என்று நினைத்த குறியைப் பாருங்கள். கடல் வரைபடக் குறி என்றால் நான்கு காலும் ஒரே அளவாக இருக்கும். இதில் ஒரு கால் நீளம். அந்த நீளக்கால் இப்போது மேலே பார்க்கிறது. தன் வேதத்தை நம்புகிற ஒருவர் சிலுவையைத் தலைகீழாகப் போடுவாரா?"

டொப்சன் குனிந்து அந்தக் குறியைப் பார்த்தார்.

"இது கடலில் கிடக்கும் கப்பல் அல்ல. தாளின் தலைப்பு. சூசைப்பிள்ளை பழக்கத்தில் முதலில் அதைப் போட்டுவிட்டு, அதற்குக் கீழே, எந்தப் படவரைஞரும் செய்வதுபோல வடக்கை மேலே வைத்துக் கீறினார். பிடிபட்டால் சும்மா ஒரு சித்திரமாகத் தெரியவேண்டும் என்றுதான் எழுத்தும் போடவில்லை, வடக்கு அம்பும் போடவில்லை. உங்கள் கப்டனிடம் இருந்த கடல் வரைபடத்திலோ தெற்கில் ஒரு சிலுவைக்குறி. அவர் இரண்டையும் ஒன்றாக்கினார். கையில் வேறு ஆதாரம் இல்லாத எவரும் அப்படித்தான் செய்திருப்பார்கள்."

"அது ஊகம்," என்றார் டொப்சன். ஆனால் குரல் முன்னைப்போல இல்லை.

"இன்னொன்று இருக்கிறது. சோதி, வட்டங்களைப் பற்றி எழுதினதைச் சொல்லும்."

சோதிலிங்கம் எழுந்து நின்றே வாசித்தான். "தாங்கி வட்டங்களின் கோடு, இடப்பக்க மேல்பாகத்தில் தடிப்பு." கைநடுக்கம் பற்றிய வரியை மரியாதையாக விழுங்கிவிட்டான்.

"நான் பார்க்கும் வீட்டுப் படங்களிலும் பழைய படவரைஞர்கள் இதைச் செய்திருப்பார்கள். வெளிச்சம் இடப்பக்க மேலிருந்து வருகிறது என்று வைத்து, நிழல் விழும் வலப்பக்கக் கீழ்க்கோட்டைத் தடிப்பாகப் போடுவார்கள். இங்கே நிழல் இடப்பக்க மேலே இருக்கிறது. தயவுசெய்து சட்டத்தைக் கழற்றித் தலைகீழாக மாட்டுங்கள். பிறகு நீங்களே சொல்லுங்கள். அந்தத் தீவில் நடந்தவர் இங்கே நீங்கள் ஒருவர்தான்."

டொப்சன் சட்டத்தைக் கழற்றினார். திருப்பினார். ஆணியில் மாட்ட அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சோதிலிங்கம் உதவப்போனான், ரதிதேவி கண்ணாலேயே அவனை இருத்தினார்.

முதியவரின் விரல் கண்ணாடிமேல் மெதுவாக நகர்ந்தது. "குழாய் வீடு, வடக்கில். சரி. பீரங்கிகள் மேற்குக் கழியில். சரி. தாங்கிகள் கிழக்கில்." விரல் புள்ளிக்கோட்டுக்கு வந்து நின்றது. "கிழக்குக் கழி. அங்கே ஒரு கம்பமும் இருக்கவில்லை. பிறகு எங்கள் சாமான்களெல்லாம் அதன் வழியாகத்தான் இறக்கினோம். எல்லாமே சரி. கடவுளே, எல்லாமே சரி."

அவர் கதிரையைத் தேடி உட்கார்ந்தார்.

"அதனால்தான் சுட்டார்கள்," என்றார் தனக்குள். பிறகு தலையை நிமிர்த்தினார். "அப்படியென்றால் லெஸ் செத்தது ஒரு பென்சில் கோட்டாலா?"

"ஒரு சின்னச் சிலுவையாலும் ஒரு பென்சில் கோட்டாலும்," என்றார் ரதிதேவி. "போட்ட இரண்டு பேரும் உங்களைக் காப்பாற்றத்தான் போட்டார்கள். இரண்டு பேரும் உயிரோடு சந்தித்திருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும்."

நிக்கலஸ் சுவரோடு சாய்ந்து அழுதுகொண்டிருந்தார், மறைக்க முயலாமல். நடந்ததைத் தமிழில் கேட்டு முடித்த பேர்ணடெட் எழுந்து, முதல்தடவையாகச் சட்டத்தின் முன்னால் போய் நின்றார். தீவைப் பார்க்கவில்லை. மேலே இருந்த அந்தச் சின்னக் குறியைக் கண்ணாடியோடு தொட்டு, விரலை உதட்டில் வைத்துக்கொண்டார்.

"அவற்றை கைதான்," என்றார். "கால் எப்பவும் கொஞ்சம் வளைஞ்சிருக்கும்."

டொப்சன் எழுந்துவந்து அவருக்குப் பக்கத்தில் நின்றார். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் டொப்சனின் கையை எடுத்து ஒருமுறை தட்டிக்கொடுத்தார். பழைய பலகை அன்றைக்கே குப்பைக்குப் போயிற்று.

*

வெள்ளிக்கிழமை சோதிலிங்கம் பல்வலி என்று லீவு போட்டுவிட்டு மண்டபத்தில் நின்றான். துப்பறிவாளனுக்குப் பொய் ஆகாதுதான். ஆனால் இது அவனுடைய முதல் முழு வெற்றி. ரதிதேவியும் வந்திருந்தார். அவருக்கு அந்த வழியால் ஒரு வேலை இருந்ததாம். அதை அவன் நம்பியதாகக் காட்டிக்கொண்டான்.

நனைந்த மழைக்கோட்டுகளோடு வகுப்பு உள்ளே வந்தது. பிலோமினா கடைசியில், சப்பாத்தைப் பார்த்தபடி. தகப்பன் வீட்டில் எல்லாம் சொல்லியிருந்தார்; ஆனாலும் சுவரில் எழுதியிருப்பதைக் கண்ணால் காணாமல் அவள் எதையும் நம்புவதாக இல்லை. பிள்ளைகள் கடைசிச் சுவருக்கு வந்தார்கள். ஆசிரியை புதுப் பலகையைச் சத்தமாக வாசித்தார்: இந்தப் படம் தீவின் உண்மையான படம், நாங்கள் அதைத் தலைகீழாகப் பிடித்தோம், இதைக் கீறியவர் இதற்காகத் தன் உயிரைக் கொடுத்தார், அவர் பெயர்...

ஆசிரியை அந்த இடத்தில் இடறினார். மறுபடி முயன்றார். அது வேறு யாருடைய பெயராகவோ வந்தது.

பிலோமினாவின் தலை நிமிர்ந்தது. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சூசைப்பிள்ளை," என்றாள். பிறகு, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று மெதுவாகத் துண்டு துண்டாகச் சொன்னாள். "சூ. சைப். பிள். ளை. என்னுடைய தாத்தா. என்னுடைய பெயரும் அதுதான்."

வகுப்பு முழுவதும் அதைத் திருப்பிச் சொன்னது. பின்வரிசையில் நின்ற டொப்சனும் அவர்களோடு சேர்ந்து சொன்னார். நாற்பது வருடமாகப் பிழையாகவே சொல்லிவந்த பெயர், இரண்டாவது முறை சொன்னபோது அவர் வாயில் சரியாக வந்தது.